மேயர், ஆணையர் வாரம்: வார்டு மனு எந்தக் கிழமையில் எங்கே நகரும்? (இணைய உரையாடல்; ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

தெருவிளக்கு

வணக்கம். குடியிருப்போர் சங்கங்களில் வழக்கமாக நடப்பது இதுதான். மேயர் வார்டுக்கு வந்தால் அவர் கையில் ஒரு மனு, ஆணையர் ஆய்வுக்கு வந்தால் அதே மனுவின் நகல், கவுன்சிலருக்கு இன்னொன்று. கடைசியில் மூன்றும் ஒரே உதவிப் பொறியாளர் மேசையில் வந்து உட்காரும்.

மேயர், துணை மேயர், ஆணையர், மண்டலத் தலைவர்கள் ஆகியோருக்கு ஒரு சாதாரண வாரம் எப்படி ஓடுகிறது? எந்த நாளில் எது முடிவாகிறது? தமிழ்நாட்டு மாநகராட்சிகளோடு நிறுத்திக்கொள்வோம். எடுத்துக்காட்டுக்கு, ஒரு தெருவுக்கு மழைநீர் வடிகால் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மன்றப்பிரிவு

கிழமைக்குப் போகும் முன், யார் கையில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998-இல் இயற்றப்பட்டது; விதிகளோடு நடைமுறைக்கு வந்தது 2023-இல். அதற்கு முன் சென்னைக்கு 1919 சட்டம், மதுரைக்கு 1971, கோவைக்கு 1981 என்று தனித்தனி. எந்தச் சட்டமானாலும் அடித்தளம் ஒன்றுதான். மாமன்றம், அதாவது கவுன்சிலர்கள் கூடும் மன்றம், தீர்மானிக்கும்; ஆணையர் நிறைவேற்றுவார். மேயர் மாமன்றத்தின் தலைவர். பணி உத்தரவு வெளிவருவது ஆணையரின் நிர்வாகத்திலிருந்து. "மேயர் சொல்லிட்டார், இன்னும் வேலை ஆரம்பிக்கலை" என்ற புகார் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

அதற்காக மேயர் பதவியை அலங்காரம் என்று நினைத்துவிட வேண்டாம். கூட்டம் என்றைக்கு, எந்தப் பொருள் (மன்றம் முடிவெடுக்க வேண்டிய விஷயம்) இந்த மாதம் வரும், எது அடுத்த மாதத்துக்குத் தள்ளும் என்பதில் அவர் சொல் பெரிது. எந்தக் கோப்பைப் பற்றியும் விளக்கம் கேட்கலாம். அவசர வேலைக்கு மேயரின் முன் அனுமதி பெற்றுச் செய்துவிட்டு, பிறகு மன்றத்தில் பின்னேற்புக்கு, அதாவது செய்தபின் ஒப்புதலுக்கு, வைக்கும் வழியும் உண்டு.

மாமன்றம் மாதம் ஒருமுறையாவது கூட வேண்டும். ஆகவே "ஒரு வாரம்" என்பது ஒரே மாதிரி இருக்காது. கூட்டத்துக்கு முந்தைய வாரம் ஒரு வகை, கூட்டம் முடிந்த வாரம் வேறு வகை. உங்கள் மனுவுக்கு முக்கியமானது முந்தைய வாரம். உண்மையில் அதற்கும் முந்தைய வாரம். கூட்டத்தன்று பொருள்கள் வேகவேகமாக "நிறைவேற்றப்பட்டது" என்று போவதைப் பார்த்து மக்களுக்குக் கோபம் வருகிறது. கோபம் நியாயம்தான். ஆனால் பொருள் குறிப்பு தயாராகி, மதிப்பீடு போட்டு, நிதித் தலைப்பு (எந்தக் கணக்கிலிருந்து பணம் என்பது) எழுதி, கூட்டப் பட்டியலில் ஏறியதும் பாதி முடிவு நடந்துவிட்டது. கேள்வி கேட்க வேண்டிய இடம் அதற்கு முன்னால் இருக்கிறது.

காலை5மணி

வாரத்தைக் காலையிலிருந்து சொல்லணும். ஆணையர், மாநகர் நல அலுவலர், துப்புரவு ஆய்வாளர்னு இந்த வரிசைக்கு நாள் தொடங்குறது விடியற்காலையில. தூய்மைப் பணியாளர் வருகைப் பதிவு, எந்த வண்டி ஓடலை, எந்த வார்டுல குப்பை தேங்கியிருக்கு, எந்த மேல்நிலைத் தொட்டிக்கு நேத்து தண்ணி ஏறலை. இது எல்லாம் ஒன்பது மணிக்குள்ள வாட்ஸ்அப் குழுவுல படமா வந்துடும்.

கள ஆய்வுக்கு வரும்போது குடிநீர்க் குழாயில குளோரின் பார்ப்பாங்க. கடைசி வீட்டுக் குழாயில லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்கணும். தொட்டிக்குப் பக்கத்து வீட்டுல பார்த்துட்டு "சரியா இருக்கு"ன்னு எழுதுறது அர்த்தமில்லாத சோதனை. ஆய்வு உங்க தெருவுக்கு வந்தா கடைக்கோடி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.

பாதாளச் சாக்கடை அடைப்புன்னா ஆள் இறங்கக் கூடாது. மனிதக் கழிவை மனிதரே அகற்றுறதைத் தடுக்குற 2013 சட்டம் தடை பண்ணியிருக்கு. அழுத்தமா தண்ணி பாய்ச்சி அடைப்பு எடுக்குற ஜெட்ராடிங் வண்டிதான் வரணும். யாராவது ஆள இறக்குனா 14420 உதவி எண்ணுக்கு உடனே சொல்லுங்க. இதுல தாமதமே கூடாது, உயிர் விஷயம்.

மன்றப்பிரிவு

நன்றி. இனி கிழமைகள்.

திங்கள்: மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்ப்பு நாள். மாநகராட்சி சார்பில் ஒரு அலுவலர் அங்கே இருப்பார். மாநகராட்சியைப் பற்றிய மனு அங்கே கொடுத்தாலும் திரும்பி இங்கேதான் வரும், ஆனால் பதிவு எண்ணோடு வரும் என்பது லாபம். அன்றோ மறுநாளோ ஆணையர் துறைத் தலைவர்களோடு ஆய்வுக் கூட்டம் வைப்பார். மாநகரப் பொறியாளர், நல அலுவலர், நகரமைப்பு, வருவாய், கணக்குப் பிரிவு எல்லோரும் இருப்பார்கள். நிலுவை மனுக்களின் எண்ணிக்கை அங்கே வாசிக்கப்படும்.

செவ்வாய்: பல மாநகராட்சிகளில் மேயர், ஆணையர் இருவரும் சேர்ந்து மனு வாங்கும் நாள். கோவையிலும் மதுரையிலும் செவ்வாய். உங்கள் ஊரில் வேறு நாளாக இருந்தால் மைய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதன், வியாழன்: கள ஆய்வு, நிலைக்குழுக் கூட்டங்கள், மண்டலக் குழுக் கூட்டம். "உங்களைத் தேடி, உங்கள் ஊரில்" திட்டத்தில் மாதம் ஒரு புதன்கிழமை ஆட்சியர் ஒரு வட்டத்தில் தங்கி ஆய்வு செய்வார். உங்கள் நகரம் அந்த வட்டத்தில் இருந்தால் அன்று ஆணையரை அலுவலகத்தில் பார்க்க முடியாது.

வெள்ளி: கோப்பு நாள் என்று வைத்துக்கொள்ளலாம். நகராட்சி நிர்வாக இயக்குநருக்கும் அரசுக்கும் போக வேண்டிய அறிக்கைகள், காணொலிக் கூட்டம். சென்னை ஆணையர் நேராக நகராட்சி நிர்வாகத் துறைச் செயலரோடு தொடர்பு. மற்ற மாநகராட்சிகள் இயக்குநரகம் வழியாக.

சனி: திடீர் ஆய்வு, தூய்மை முகாம், வரி வசூல் முகாம்.

சட்டசபை நடக்கும்போது, அதிலும் துறை மானியக் கோரிக்கை வரும் வாரத்தில், இந்த ஒழுங்கு கலைந்துபோகும். தேர்தல் நடத்தை விதி அமலுக்கு வந்தால் புதுப் பணி எதற்கும் உத்தரவு வராது. ஏற்கெனவே தொடங்கிய வேலை மட்டும் ஓடும்.

தெருவிளக்கு

மண்டலக் குழு என்றீர்களே, அதற்கு உண்மையில் எடை உண்டா?

மன்றப்பிரிவு

நிச்சயமாக உண்டு. கோவைக்கும் மதுரைக்கும் 100 வார்டு, 5 மண்டலம். 100 பேர் உட்காரும் மன்றத்தில் ஒரு தெரு வடிகால் பற்றி இரண்டு நிமிடம் கிடைத்தாலே பெரிது. மண்டலக் குழுவில் உங்கள் கவுன்சிலரோடு சேர்ந்து ஏறத்தாழ இருபது பேர்தான். செயற்பொறியாளர் எதிரிலேயே இருப்பார். "மதிப்பீடு எங்கே நிற்கிறது" என்று நேருக்கு நேர் கேட்கக்கூடிய இடம் அது. சங்கம் மேயரைத் தேடி ஓடுவதைவிட, மண்டலக் கூட்டத்துக்கு முன்னால் கவுன்சிலருக்கு ஒரு பக்கக் குறிப்பு கொடுப்பது பல மடங்கு பயன்.

எம்புக்

பொறியியல் பிரிவுப் பக்கம் நான் சொல்கிறேன். ஒரு வடிகால் மனு கடக்க வேண்டிய படிகள்:

உதவிப் பொறியாளர் இடம் பார்த்து அளவெடுப்பது. பிறகு பொதுப்பணித் துறை விலைவிகிதப் பட்டியல்படி மதிப்பீடு. உதவி செயற்பொறியாளர், செயற்பொறியாளர் சரிபார்ப்பு. நிதி இருக்கிறதா என்று கணக்குப் பிரிவின் குறிப்பு. நிர்வாக அனுமதி, தொகையைப் பொறுத்து ஆணையர், மன்றம் அல்லது அரசு. அதன்பின் தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்), ஏற்பு, ஒப்பந்தம், பணி உத்தரவு. இரண்டு வாரத்தில் நடக்கிற காரியம் இல்லை என்பது இதிலேயே தெரியும்.

ஒப்பந்தப்புள்ளிக்கு மட்டும் எவ்வளவு நாள் என்று பாருங்கள். 1998 ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் விதிகள்படி, 2 கோடி ரூபாய் வரை குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள். அவகாசத்தைக் குறைக்க வேண்டுமானால் மேலதிகாரி காரணத்தை எழுதிப் பதிய வேண்டும். கவுன்சிலர் "பத்து நாளில் வேலை" என்று சொன்னால் அந்தக் காரணம் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

எங்கே சிக்கும்?

ஒன்று, மதிப்பீட்டுத் தொகை முழுவதும் சிமெண்டும் கம்பியும் என்று நினைப்பது. 18 சதவீதம் ஜிஎஸ்டி, 1 சதவீதம் கட்டுமானத் தொழிலாளர் நல வரி என்று அதிலேயே சேரும். பத்து லட்சம் ஒதுக்கீடு என்றால் பத்து லட்சத்துக்கு வடிகால் வராது. கணக்குப் போட்டால் சுமார் எட்டே கால், எட்டரை லட்சம்தான் வேலை.

இரண்டு, ஒரே தெருவை மூன்று துண்டாக்கி மூன்று சிறு மதிப்பீடு போடுவது. மேலே அனுமதிக்குப் போகாமல் தப்பிக்கும் வழி இது. தணிக்கையில் ஆட்சேபம் வந்தால் இரண்டாவது துண்டு முடிந்தபின் மூன்றாவது நின்றுபோகும். நடுவில் நின்றுபோன வடிகால் இருப்பதைவிட இல்லாதது நல்லது. தண்ணீர் அந்த வெட்டு முனையில்தான் வெளியே கொப்பளிக்கும்.

மூன்று, அளவைப் புத்தகம், அதாவது முடித்த வேலையின் அளவை எழுதும் பதிவேடு. மூடிப்போகும் வேலைகளை, அதாவது குழி ஆழம், அடிக் கான்கிரீட், கம்பிக் கட்டு இவற்றை மூடுவதற்கு முன்பே அளந்து எழுத வேண்டும். மேல்மூடி போட்டபின் யார் வந்தாலும் உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாது. சங்கத்தில் ஒருவர் அந்த மூன்று கட்டத்திலும் அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்து வைத்திருந்தால் போதும்.

வடகிழக்கு

எம்புக் சாருடைய பதிலோட ஒண்ணு சேர்க்கணும். வடிகால்ல முதல் கேள்வி நீளம் இல்ல, கடைசி முனை எங்க விழுதுங்கிறதுதான். விழுற கால்வாயோட நீர்மட்டம் உங்க வடிகால் அடிமட்டத்தைவிட மேல இருந்தா மழை நாள்ல தண்ணி திரும்பி உள்ள வரும். 100 மீட்டர் நீளத்துக்கு 500-க்கு 1 சரிவுன்னா 20 சென்டிமீட்டர் இறக்கம் வேணும். தெருவே சமதரையா இருந்தா அந்த 20 சென்டிமீட்டர் ஆழத்துலதான் கிடைக்கணும். 300 மீட்டர் தெருவுக்கு 60. அப்போ கடைசி முனை எவ்வளவு கீழ போகும்னு பாருங்க. மட்டக்கருவி வச்சு எடுத்த அளவு மதிப்பீட்டுக் கோப்புல இருக்கான்னு கேளுங்க. இல்லைன்னா அந்த வடிகால் கொசுத்தொட்டியாத்தான் முடியும்.

இன்னொரு விஷயம், யாருடைய சொத்துங்கிறது. சென்னையில மழைநீர் வடிகால் மாநகராட்சி, கழிவுநீர் 1978 சட்டத்துல வந்த குடிநீர் வாரியம். மத்த ஊர்கள்ல பெரும்பாலும் ரெண்டும் மாநகராட்சியே. பெருஞ்சாலை பல இடத்துல நெடுஞ்சாலைத் துறை. கால்வாயும் ஏரியும் நீர்வளத் துறை. மேயர் எவ்வளவு மனசு வச்சாலும் நெடுஞ்சாலைத் துறை ரோட்டை வெட்ட அந்தத் துறை அனுமதி வேணும். மனுவுல முதல் வரியிலயே தெருப் பேர், யார் பராமரிப்பு, தண்ணி எந்தக் கால்வாய்ல சேரணும்னு எழுதிட்டா ஆணையர் நடத்துற துறை ஒருங்கிணைப்புக் கூட்டத்துக்கு அந்த மனு நேரா போகும்.

நிலுவை

பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் கணக்கு மூன்று நிதியாக இருக்கும்: வருவாய் நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி. மேயர் நினைத்தால் கல்வி நிதியில் வடிகால் கட்ட முடியாது. பட்ஜெட்டில் உபரி தெரியும். கேட்டால் காசில்லை என்பார்கள். பொய் சொல்வதாக நினைக்க வேண்டாம். உபரி ஒரு நிதியில், தேவை இன்னொரு நிதியில்.

சொத்து வரி அரையாண்டு வரி. ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை. செப்டம்பர், மார்ச் கடைசி வாரங்களில் ஆணையர் முதல் வருவாய் உதவியாளர் வரை வசூலில்தான் இருப்பார்கள். அந்த வாரங்களில் புது மனு கொண்டுபோவது வீண். மாறாக ஜனவரி நல்ல மாதம்: பட்ஜெட் மதிப்பீடுகள் உருவாகும் நேரம். அப்போது மதிப்பீட்டோடு உள்ளே நுழைந்த பணிக்கு நிதித் தலைப்பு கிடைக்கும்.

"நமக்கு நாமே" திட்டத்தில் மக்கள் பங்களிப்பு குறைந்தது மூன்றில் ஒரு பங்கு. சங்கத்தால் முடிந்தால் இது வேகமான வழி. ஆனால் பங்களிப்புத் தொகையை மதிப்பீடு கைக்கு வந்தபின் கணக்கிடுங்கள். வாய்மொழித் தொகையை நம்பி வீடுவீடாக வசூலித்துவிட்டு, மதிப்பீடு கூடிப்போய்ச் சண்டையில் முடிந்த சங்கங்கள் நிறைய.

சங்கிலி

எல்லாம் சரி. மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் இந்த இழுபறி இருக்காதே? 1996-இல் அப்படித்தானே இருந்தது.

மன்றப்பிரிவு

1996-இல் நேரடி, 2006-இல் மறைமுகம், 2011-இல் நேரடி, 2022-இல் மீண்டும் மறைமுகம். இரண்டையும் தமிழ்நாடு பார்த்துவிட்டது. நேரடி மேயருக்கு மக்கள் ஆணை உண்டு, மன்றத்தில் பெரும்பான்மை இல்லாமல் போகலாம். மறைமுக மேயருக்கு மன்றம் உண்டு, கவுன்சிலர்கள் அதிருப்தியானால் நாற்காலி ஆடும். என் கருத்து: எந்த முறையானாலும் கோப்பில் கையெழுத்து ஆணையருடையதாக இருக்கும்வரை, மேயருடைய உண்மையான ஆயுதம் பட்டியலும் கேள்வியும்தான். அதைப் பயன்படுத்தத் தெரிந்த மேயர் எந்த முறையிலும் வேலை வாங்குவார்.

மதிப்பூதியத்தையும் கவனியுங்கள். 2023 முதல் மாதம் மேயருக்கு 30,000, துணை மேயருக்கு 15,000, மாநகராட்சி உறுப்பினருக்கு 10,000 ரூபாய். முழுநேர வேலை கேட்கிறோம். கவுன்சிலருக்கு உதவியாளரோ அலுவலகமோ தர மாட்டோம். அவரால் நூறு பக்கப் பொருள் குறிப்பை ஒரு இரவில் படித்துவிட முடியாது. சங்கங்கள் படித்துக் கொடுக்கலாம் என்பதை உண்மையாகவே சொல்கிறேன்.

தெருவிளக்கு

அப்படியானால் பொருள் குறிப்பில் எதைப் பார்க்க வேண்டும்?

மன்றப்பிரிவு

தலைப்பைவிட உள்ளே உள்ள நான்கு வரிகள். மதிப்பீட்டுத் தொகை. எந்த நிதித் தலைப்பு. எத்தனை ஒப்பந்தப்புள்ளி வந்தது, மதிப்பீட்டைவிடக் கூடவா குறைவா. கடைசியில் "மன்றத்தின் அனுமதிக்கு" என்றா "பின்னேற்புக்கு" என்றா. பின்னேற்பு என்றால் வேலை நடந்துவிட்டது அல்லது நடந்துகொண்டிருக்கிறது. மழைக்கால உடைப்பு, பம்பு பழுது போன்றவற்றுக்கு அது தேவை. பூங்கா அழகுபடுத்துதலும் விழா மேடையும் பின்னேற்பில் வந்தால் கவுன்சிலர் காரணம் கேட்க வேண்டும்.

கூட்டத்தன்று கடைசி நேரத்தில் தரப்படும் கூடுதல் பட்டியலைத் தனியாகக் கவனியுங்கள். படிக்க நேரமே கிடைக்காத பொருள்கள் அதில்தான் இருக்கும். ஒப்புக்கொள்ளாத கவுன்சிலர் வெளிநடப்புச் செய்வதோடு நிறுத்தாமல், எதிர்ப்பைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்ல வேண்டும். வெளிநடப்பு மறுநாள் செய்தித்தாளோடு போய்விடும், பதிவு கோப்பில் நிற்கும்.

தீர்மான நகல் வேண்டுமானால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனு. 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. கேட்கும்போது "வடிகால் பற்றிய விவரம்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். கூட்ட நாள், பொருள் எண், தீர்மான எண் போட்டுக் கேளுங்கள்.

வடகிழக்கு

மழை வாரம் பத்தியும் சொல்லிடுறேன், ஏன்னா அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மேல சொன்ன கிழமைக் கணக்கு எதுவும் நிக்காது. சிவப்பு எச்சரிக்கைன்னா 24 மணி நேரத்துல 20 சென்டிமீட்டருக்கு மேல மழை எதிர்பார்ப்பு. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புல 1 சென்டிமீட்டர் மழைன்னா ஒரு கோடி லிட்டர். 20 சென்டிமீட்டர்னா 20 கோடி லிட்டர். இதை மோட்டார் வச்சு மட்டும் இறைச்சுட முடியாது, வடிகால் வழியா ஓடித்தான் ஆகணும். 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் சென்னை பார்த்தது இதுதான்.

அந்த வாரம் ஆணையர் கட்டுப்பாட்டு அறையில இருப்பார். சென்னையில புகார் எண் 1913. மேயரும் மண்டலத் தலைவர்களும் தாழ்வான இடங்கள்லயும் நிவாரண முகாம்லயும். அப்போ அவங்க கையில வடிகால் மனு கொடுக்காதீங்க. அதுக்குப் பதிலா தண்ணி எவ்வளவு உயரம் நின்னுச்சு, எத்தனை மணிக்கு ஏறுச்சு, எப்போ வடிஞ்சுதுன்னு சுவர்ல கோடு போட்டுப் படம் எடுத்து வைங்க. ஜனவரியில நிலுவை சார் சொன்ன நேரத்துல அந்தப் படம்தான் உங்க மனுவுக்கு உயிர். தூர்வாரும் வேலை மழைக்கு முன்ன ஆகஸ்ட், செப்டம்பர்ல நடக்கும். எடுத்த வண்டலைக் கரையிலயே குவிச்சுட்டுப் போனா முதல் மழையில திரும்ப உள்ள போயிடும். அன்னிக்கே லாரியில ஏத்தச் சொல்லி நிக்கணும்.

எம்புக்

தெருவிளக்கு சாருக்கு மனுவின் வடிவம், சுருக்கமாக. ஒரே பக்கம். தெருவின் பெயர், வார்டு, மண்டலம். தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் வரை மீட்டரில் நீளம். சாலையின் அகலம். தண்ணீர் சேர வேண்டிய கால்வாய். மின்கம்பம், குடிநீர்க் குழாய், கேபிள் எந்தப் பக்கம் ஓடுகிறது. மழையின்போது எடுத்த இரண்டு படம், தேதியோடு. ஏற்கெனவே கொடுத்த மனுவின் பதிவு எண். முகவரி: ஆணையர்; நகல்: மண்டல உதவி ஆணையர், செயற்பொறியாளர், கவுன்சிலர்.

செவ்வாய்க் கூட்டத்தில் கொடுத்து எண் வாங்குங்கள். ஒரு வாரம் கழித்து உதவிப் பொறியாளரிடம் "எப்போது செய்வீர்கள்" என்று கேட்க வேண்டாம். "அளவெடுக்க என்றைக்கு வருகிறீர்கள்" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு அவர் ஒரு தேதி சொல்லியாக வேண்டும்.

தெருவிளக்கு

மிக்க நன்றி. குழாயும் கேபிளும் எந்தப் பக்கம் என்பது எங்கள் மனுவில் இல்லை, சேர்க்கிறோம். தெருவில் தார் போட ஏற்கெனவே பணி உத்தரவு வந்துவிட்டது. இப்போது வடிகால் கேட்டால் சாலை வேலை நின்றுவிடுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள்.

எம்புக்

நிற்கட்டும். பாதாளச் சாக்கடை, குடிநீர்க் குழாய், வடிகால், கடைசியில் சாலை என்பதே வரிசை. தார் போட்டு மூன்று மாதத்தில் வடிகாலுக்கு வெட்டினால் ஒட்டுப்போட்ட இடம் அடுத்த மழையில் அமுங்கும். சாலைப் பணியை ஒத்திவைத்து வடிகாலை முதலில் எடுக்கக் கோரி, கவுன்சிலர் வழியாக மண்டலக் குழுவில் எழுத்தில் கொடுங்கள். சாலை மட்டம் பழைய அளவுக்கு மேல் ஏறக் கூடாது, பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் வடிகாலின் தண்ணீர் நுழையும் துவாரம் சாலைக்கு மேலே நின்றுவிடும்.